உஷார்! அரசுப் பள்ளி கைமாறும்போது ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்

கோடை விடுமுறையில் பிள்ளையை விளையாட்டுப் பயிற்சியில் சேர்க்கிறீர்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். நீங்கள் கேள்வியே படாத ஒரு பள்ளியில் உங்கள் பிள்ளை மாணவனாகப் பதிவாகியிருக்கிறான், அவன் தலையைக் காட்டி அரசுப் பணம் எடுக்கப்பட்டிருக்கிறது என்று பிறகு தெரியவந்தால் எப்படி இருக்கும்?

கலிஃபோர்னியாவில் இது நடந்தது. ஏ3 எஜுகேஷன் என்ற அமைப்பு 19 இணையவழி சார்ட்டர் பள்ளிகளை வைத்திருந்தது. சிறுவர் விளையாட்டுக் குழுக்களுக்குப் பணம் கொடுத்துப் பிள்ளைகளின் விவரங்களை வாங்கி, அவர்களைத் தன் பள்ளி மாணவர்களாகக் கணக்குக் காட்டியது. பல பெற்றோருக்கு விஷயமே தெரியாது. 2019 மே மாதம் சான் டியேகோ அரசு வழக்கறிஞர் அலுவலகம் 11 பேர் மீது குற்றம் சாட்டியது. மோசடியின் மொத்த அளவாகப் பிறகு சொல்லப்பட்ட தொகை 40 கோடி டாலர். அமைப்பை நடத்திய ஷான் மெக்மானஸும் ஜேசன் ஷ்ராக்கும் 2021-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 20 கோடி டாலருக்கு மேல் மீட்கப்பட்டது.

திருடன் எங்கும் இருப்பான். இந்தத் திருட்டுக்குக் கதவு எப்படித் திறந்து கிடந்தது என்பதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. சான் டியேகோவுக்கு அருகே டெஹேசா என்றொரு மிகச் சிறிய கல்வி மாவட்டம். அதன் சொந்தப் பள்ளியில் 200 பிள்ளைகள்கூடக் கிடையாது. ஆயிரக்கணக்கான மாணவர்களைக் காட்டிய சார்ட்டர் பள்ளிகளுக்கு அனுமதி தந்ததும், அவற்றை மேற்பார்வையிட வேண்டியதும் அந்தக் குட்டி மாவட்டம்தான். மேற்பார்வைக்குக் கட்டணம் உண்டு. கலிஃபோர்னியச் சட்டப்படி பள்ளியின் வருமானத்தில் 1 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் தலை கூடக் கூட, பள்ளிக்கும் வருமானம், கண்காணிப்பவருக்கும் வருமானம். தலைகளை எண்ணிச் சரிபார்ப்பதில் யாருக்குமே ஆதாயம் இல்லாத ஓர் ஏற்பாட்டைச் சட்டமே செய்து வைத்திருந்தது.

அமெரிக்காவில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும் தமிழ்க் குடும்பங்களும், இங்கே தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளைச் சீர்திருத்தப் புது வழி வருகிறது என்று நம்பிக் காத்திருப்பவர்களும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

சார்ட்டர் பள்ளி என்பது அரசிடம் உரிமம் பெற்று, அரசுப் பணத்தில், தனி நிர்வாகம் நடத்தும் பள்ளி. மாணவர் கட்டணம் கட்டத் தேவையில்லை. விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். நம் ஊர் அரசு உதவிபெறும் பள்ளி மாதிரிதானே என்று தோன்றும். அது இல்லை. உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. பணியிட எண்ணிக்கை, கல்வித் தகுதி, ஊதிய விகிதம் எல்லாம் அரசு விதிப்படி. சார்ட்டரில் ஒரு மாணவனுக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை நிர்வாகத்தின் கைக்குப் போய்விடும். யாரை வேலைக்கு எடுப்பது, யாரை நீக்குவது, கட்டடத்துக்கு எவ்வளவு வாடகை, எந்த நிறுவனத்திடம் சேவை வாங்குவது என்பதையெல்லாம் பெரும்பாலும் நிர்வாகமே முடிவு செய்யும். பதிலுக்கு, இத்தனை ஆண்டுக்குள் இன்ன தேர்ச்சி காட்டுவோம் என்று வாக்குறுதி தரும். காட்டாவிட்டால் உரிமம் ரத்து. காகிதத்தில் அப்படித்தான்.

இந்த யோசனை வியாபாரிகளிடமிருந்து வந்ததல்ல. மாசசூசெட்ஸ் பேராசிரியர் ரே பட்டி முன்வைத்த எண்ணத்தை 1988-இல் நாடறியப் பேசியவர் ஆல்பர்ட் ஷாங்கர், அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர். ஆசிரியர்களே கூடிச் சிறு பள்ளிகள் அமைத்துப் புது முறைகளைச் சோதிக்கட்டும், பலன் தருபவற்றை மற்றப் பள்ளிகளும் எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். 1991-இல் மினசோட்டா மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு செயின்ட் பால் நகரில் சிட்டி அகாடமி திறந்தது. ஆனால் தனியார் நிறுவனங்கள் உள்ளே நுழைவதைக் கண்ட ஷாங்கர் சில ஆண்டுகளிலேயே அந்த யோசனையை விட்டு விலகிவிட்டார். தொடங்கி வைத்தவரே விலகிய பிறகு அது வளர்ந்த வேகம் பெரிது. இன்று சுமார் 8,000 பள்ளிகள், படிப்பவர்கள் ஏறத்தாழ 37 லட்சம் பேர். ஜார்ஜ் புஷ் காலத்தில், ஒபாமா காலத்தில், டிரம்ப் காலத்தில் என்று எந்த ஆட்சி வந்தாலும் வாஷிங்டனின் பணம் இதற்குப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இனி, பணம் எந்த வழியில் வெளியேறுகிறது என்பதைப் பாருங்கள். நான் அதிகம் அஞ்சும் இடம் இதுதான்.

ஒஹையோ மாநிலத்தில் ஒயிட் ஹாட் மேனேஜ்மெண்ட் என்ற லாப நோக்கு நிறுவனம் பல சார்ட்டர் பள்ளிகளை நிர்வகித்தது. பள்ளிகளின் பெயரில் லாப நோக்கற்ற குழுக்கள் இருந்தன. ஒப்பந்தப்படி, பள்ளிக்கு வரும் அரசுப் பணத்தில் 95 சதவீதம் அளவுக்கு நிறுவனத்திடம் போனது. தேர்ச்சி மோசமாக இருக்கவே, 10 பள்ளிகளின் குழுக்கள் நிறுவனத்தை விட்டு வெளியேறப் பார்த்தன. அப்போது நிறுவனம் சொன்னது: வகுப்பறை மேசை, நாற்காலி, கணினி எல்லாம் எங்களுடையவை, வேண்டுமானால் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவை மக்கள் வரிப்பணத்தில் வாங்கியவை ஆயிற்றே என்று பள்ளிகள் நீதிமன்றம் போயின. 2015-இல் ஒஹையோ உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்பதுதான் அதன் சாரம். பிள்ளைகள் உட்கார அரசு கொடுத்த காசில் வாங்கிய நாற்காலியை அதே அரசுக் காசில் மறுபடி வாங்க வேண்டிய நிலை.

கவனியுங்கள், இங்கே யாரும் சட்டத்தை மீறவில்லை. கொள்ளை என்று சொல்லி யாரையும் சிறையில் போட முடியாது. எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியபடியே நடந்தது. ஏ3 போன்ற மோசடிகளைவிட நான் இதைக் கண்டுதான் அதிகம் பயப்படுகிறேன்.

வாடகை இன்னொரு வழி. மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் நகரில் ஒரு சார்ட்டர் பள்ளியை இமேஜின் ஸ்கூல்ஸ் என்ற நிறுவனம் நிர்வகித்தது. பள்ளிக் கட்டடத்தைக் குத்தகைக்குக் கொடுத்ததும் அதே நிறுவனத்தின் கிளைதான். வாடகைச் சுமை பள்ளியை நசுக்கியது. வழக்கில், பள்ளிக்கு ஏறத்தாழ 10 லட்சம் டாலர் தர வேண்டும் என்று நீதிபதி நிறுவனத்துக்கு உத்தரவிட்டார். அந்தப் பள்ளி வழக்குப் போட்டதால் அது வெளியே வந்தது. வழக்குப் போட யாருமில்லாத இடங்களில், நிர்வாகியே நிலக்காரராகவும் இருக்கும் பள்ளிகளில், கரும்பலகைக்குப் போக வேண்டிய பணம் கட்டடக் கடனை அடைத்துக்கொண்டிருக்கும். கடன் தீர்ந்ததும் கட்டடம் தனியாருக்கே சொந்தம். அதற்காக வரி கட்டிய ஊருக்கு அதில் ஒரு செங்கல்கூடக் கிடையாது.

மூன்றாவது வழி, வருகைப் பதிவேடு. ஒஹையோவிலேயே ‘எலக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ’ என்ற இணையவழிப் பள்ளி 2000-இல் தொடங்கி மாநிலத்தின் மிகப் பெரிய சார்ட்டராக வளர்ந்தது. அதன் நிறுவனர் வில்லியம் லேகரின் சொந்த நிறுவனங்கள் அந்தப் பள்ளிக்கு நிர்வாகமும் மென்பொருளும் விற்றன. 2015-16 கல்வியாண்டில் 15,000-க்கும் மேற்பட்ட முழுநேர மாணவர்களுக்குப் பள்ளி பணம் வாங்கியது. மாநிலக் கல்வித் துறை கணினிப் பதிவுகளைக் கேட்டுச் சரிபார்த்தபோது, உண்மையில் படித்ததற்குச் சான்று இருந்தது சுமார் 6,300 பேர் அளவுக்குத்தான். பள்ளியின் வழக்கறிஞர்கள் என்ன வாதாடினார்கள் தெரியுமா? ஆண்டுக்கு 920 மணி நேரப் பாடத்தை வழங்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, மாணவர் அதைப் படித்தாரா என்று நிரூபிக்கச் சொல்லவில்லை என்றார்கள். 2018-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஏறத்தாழ 8 கோடி டாலரைத் திருப்பித் தரச் சொன்னது அரசு. அந்த ஆண்டு ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், பள்ளி மூடப்பட்டது. சுமார் 12,000 பிள்ளைகள் ஒரே வாரத்தில் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று. அவர்களைச் சேர்த்துக்கொண்டது யார் என்று நினைக்கிறீர்கள்? அவர்களில் பலரை, எந்த ஊர்ப் பள்ளிகளின் பணத்தை எடுத்து இந்தப் பள்ளிக்குக் கொடுத்தார்களோ அதே ஊர்ப் பள்ளிகள்தான்.

இணையவழி சார்ட்டர்கள் பிள்ளைகளுக்குக் கெடுதல் என்பதில் எனக்குச் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம், சார்ட்டருக்கு எதிரானது என்று யாரும் சொல்ல முடியாத மையம், 2023-இல் வெளியிட்ட ஆய்வில் இணையவழி சார்ட்டர் மாணவர்கள் வழக்கமான பள்ளி மாணவர்களைவிட ஓராண்டில் கணிதத்தில் 124 நாள், வாசிப்பில் 58 நாள் படிப்புக்குச் சமமான அளவு பின்தங்கியிருந்தார்கள் என்று கண்டது. பள்ளி ஆண்டே 180 நாள்தான். பென்சில்வேனியாவில் பெரிய இணையவழி சார்ட்டர் ஒன்றை நிறுவிய நிக் டிரம்பெட்டா, பள்ளிப் பணத்தை வேறு வழியில் திருப்பிய விவகாரத்தில் வரிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். வீட்டிலிருந்தே படிக்கலாம், மடிக்கணினி இலவசம் என்று உங்களிடம் யாராவது வந்தால், தயவுசெய்து கதவைச் சாத்துங்கள்.

அதே ஆய்வு மொத்த சார்ட்டர் பள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் அளவுக்கு முன்னேற்றம் என்றது. இதை நான் மறைக்க மாட்டேன். பாஸ்டன் நகர சார்ட்டர்களில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகள், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அங்கே பெரிய பலன் இருந்ததைக் காட்டியிருக்கின்றன. பாஸ்டனில் கண்காணிப்பு கடுமை. மாநில அரசே உரிமம் தருகிறது, எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு, தேறாத பள்ளியை மூடத் தயங்குவதில்லை. மற்றப் பல மாநிலங்களில் அந்தக் கட்டுப்பாடு இல்லாமலே உரிமம் வழங்கினார்கள். பாஸ்டனின் தேர்ச்சி விவரத்தை வைத்துக்கொண்டு ஒஹையோவின் ஒப்பந்தத்தை விற்பது பெற்றோரை ஏமாற்றுவது. அந்த மாசசூசெட்ஸ் மக்களே 2016 வாக்கெடுப்பில் உச்சவரம்பை உயர்த்தும் யோசனையைச் சுமார் 62 சதவீத வாக்குகளால் நிராகரித்தார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

தேர்ச்சி விவரத்தைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டும்: முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், கடைசி வகுப்பை முடித்தவர்கள் எத்தனை பேர்? நியூயார்க்கில் ஈவா மாஸ்கோவிட்ஸ் 2006-இல் ஹார்லெமில் தொடங்கிய சக்சஸ் அகாடமியின் தேர்வு மதிப்பெண்கள் நகரத்தையே அசத்தியவை. அதன் முதல் தொகுதியில் சேர்ந்தவர்கள் 73 பேர். 2018-இல் பட்டம் பெற்று மேடையேறியவர்கள் 16 பேர். குடும்பம் இடம் மாறியது, வேறு பள்ளி பிடித்தது என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் 2015-இல் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. அதே குழுமத்தின் புரூக்ளின் பள்ளி ஒன்றில், வெளியேற்றப்பட வேண்டிய 16 பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலே இருந்தது. அவர்களில் 9 பேர் போய்விட்டார்கள். பட்டியல் தவறுதான் என்று மாஸ்கோவிட்ஸும் ஒப்புக்கொண்டார். நான்காம் வகுப்புக்கு மேல் காலியாகும் இடங்களை அந்தக் குழுமம் புதியவர்களைக் கொண்டு நிரப்பவில்லை. சேட்டைக்காரப் பிள்ளை, மெதுவாகப் படிக்கும் பிள்ளை, தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளை என்று ஒவ்வொருவராகப் போகப் போக, மீதியுள்ளவர்களின் சராசரி உயரும். போனவர்களைச் சேர்த்துக்கொள்ளும் அரசுப் பள்ளியின் சராசரி இறங்கும். பிறகு, பாருங்கள், அரசுப் பள்ளி தேறவில்லை என்பார்கள்.

இனி நியூ ஆர்லியன்ஸ். ஒரு நகரத்தின் பள்ளிகள் முழுவதும் கைமாறினால் என்ன ஆகும் என்று அறிய உலகத்துக்குக் கிடைத்த பெரிய பாடம் அதுதான். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா புயல் கரையைக் கடந்தது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து நகரம் மூழ்கியது. ஜனங்கள் டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் சிதறிக் கிடந்தார்கள். அந்த நவம்பரில், பெற்றோர் ஊரிலேயே இல்லாதபோது, லூசியானா சட்டமன்றம் 35-ஆம் சட்டத்தை நிறைவேற்றியது. அதுவரை மாநில மதிப்பீட்டில் 60-க்குக் கீழே போன பள்ளியைத்தான் அரசு எடுத்துக்கொள்ள முடியும். புதிய சட்டம் அந்த எல்லையை 87.4-க்கு உயர்த்தியது. ஒரே கையெழுத்தில் நகரின் 100-க்கும் மேற்பட்ட பள்ளிகள் ‘மீட்புப் பள்ளி மாவட்டம்’ என்ற மாநில அமைப்பின் கைக்குப் போயின. அளவுகோலை நகர்த்தித் தோல்வியை உருவாக்குவது என்பது இதுதான். நம் ஊரில் யாராவது பள்ளிகளைத் தரவரிசைப்படுத்த ஆரம்பித்தால், அந்த வரிசையின் வெட்டுக்கோட்டை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

ஏறத்தாழ 7,500 ஆசிரியர்களும் ஊழியர்களும் ஒட்டுமொத்தமாக வேலை இழந்தார்கள். பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர், அதிலும் பலர் பெண்கள். அந்த நகரத்துக் கறுப்பின நடுத்தர வர்க்கத்தின் முதுகெலும்பு அவர்கள்தான். வீடும் போய் வேலையும் போனது. வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்களில் வென்றார்கள். 2014-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். நகரின் ஆசிரியர்களில் கறுப்பினத்தவர் 2005-இல் 71 சதவீதம். 2014-இல் 49 சதவீதம். அவர்கள் இடத்துக்கு வந்தவர்களில் பலர் குறுகிய பயிற்சி முடித்து, ஓரிரு ஆண்டு பாடம் எடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போகும் வெளியூர் இளைஞர்கள். அங்குள்ள பிள்ளைகளின் அம்மாவுக்கும் பாட்டிக்கும் பாடம் சொன்ன டீச்சர் போய்விட்டார். இந்த இழப்பை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது.

மதிப்பெண் ஏறியதா? ஏறியது. டூலேன் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் ஹாரிஸ் குழு பல ஆண்டு ஆராய்ந்து, தேர்ச்சியும் பட்டம் பெறுவோர் விகிதமும் கணிசமாக உயர்ந்ததைக் காட்டியது. அதே குழு இன்னொன்றையும் காட்டியது. சீர்திருத்தத்துக்குப் பின் ஒரு மாணவனுக்கான செலவு ஒப்பிடத்தக்க பிற மாவட்டங்களைவிட 13 சதவீதம் அதிகமானது. நிர்வாகச் செலவு 66 சதவீதம் கூடியது. கற்பித்தலுக்கான செலவு 10 சதவீதம் குறைந்தது. ஒவ்வொரு சார்ட்டருக்கும் தனித்தனி முதன்மை அதிகாரி, தனித்தனி கணக்காளர், தனித்தனி பேருந்து. பிள்ளைகள் பக்கத்துத் தெருப் பள்ளியை விட்டு நகரின் மறுகோடிக்குப் போய்வந்தார்கள். தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைப் பள்ளிகள் சேர்க்க மறுக்கின்றன என்று 2010-இல் வழக்கு வந்து, 2015-இல் நீதிமன்றக் கண்காணிப்பில்தான் ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

2019 மே மாதம், அதே நகரின் சார்ட்டர் பள்ளிகளில் ஒன்றான ஜான் எஃப். கென்னடி உயர்நிலைப் பள்ளியில் பட்டமளிப்பு விழா. தொப்பியும் அங்கியும் அணிந்து மேடையேறிய பிள்ளைகளின் குடும்பங்களுக்கு ஒரு மாதம் கழித்துச் செய்தி வந்தது. 177 பேரில் 87 பேர் பட்டத்துக்குத் தகுதி பெறவில்லை. மதிப்பெண்கள் மாற்றப்பட்டிருந்தன, பாடங்கள் முறையாக நடக்கவில்லை. கல்லூரியில் இடம் வாங்கி வைத்திருந்த பிள்ளைகள் கோடைக்கால வகுப்பில் உட்கார்ந்தார்கள். உரிமம் பறிபோகும் என்ற அச்சம் மட்டுமே ஒரு பள்ளியை ஆளும்போது மதிப்பெண்கள் அங்கேதான் திருத்தப்படும்.

2024 ஆகஸ்டில், பல ஆண்டுக்குப் பின், நியூ ஆர்லியன்ஸ் கல்வி வாரியம் தானே நேரடியாக நடத்தும் பள்ளி ஒன்றைத் திறந்தது. அதற்கு லியா சேஸ் பள்ளி என்று பெயர். எல்லாவற்றையும் வெளியே கொடுத்த நகரம் ஒற்றைப் பள்ளியைத் தன் கையில் எடுக்கவே இவ்வளவு காலம் ஆனது. வகுப்பறை இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள், ஆனால் பள்ளியை நடத்தும் திறமை அரசிடம் மிச்சமிருக்காது. ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது எவ்வளவு கடினம் என்று சொல்பவர்கள் மிகைப்படுத்தவில்லை.

கொடுக்காத பள்ளிகளும் தப்பாது. அரசியல் பொருளாதார ஆய்வாளர் கார்டன் லேஃபர் 2018-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து கணக்கைப் பிரித்துப் பார்த்தார். சார்ட்டர்களால் அந்தக் கல்வி மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 5.73 கோடி டாலர் இழப்பு என்றார். பிள்ளையோடு பணமும் போகிறது, செலவும் குறையுமே என்று கேட்பார்கள். குறையாது. 30 பேர் இருந்த வகுப்பிலிருந்து 4 பேர் போனால் ஆசிரியரில் 30-இல் 4 பங்கைக் குறைக்க முடியுமா? கூரை ஒழுகினால் முழுக் கூரையையும்தான் மாற்ற வேண்டும். ஆகவே நூலகரை நீக்குவார்கள், செவிலியரை நீக்குவார்கள், பாட்டு வகுப்பை நிறுத்துவார்கள். பள்ளி களையிழந்ததும் இன்னும் நாலு பேர் போவார்கள். கறுப்பின மக்களின் மிகப் பழைய உரிமை அமைப்பான என்ஏஏசிபி, புதிய சார்ட்டர்களை நிறுத்தி வையுங்கள் என்று 2016-இல் தீர்மானம் போட்டதற்கு இதுவும் காரணம். யாருடைய பிள்ளைகளுக்காக இதெல்லாம் என்று சொன்னார்களோ, அவர்களின் அமைப்பே கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னது.

இவை பொதுப் பள்ளிகள்தாமா என்ற கேள்விக்கே அங்கே இன்னும் விடை கிடைக்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த குழுவுக்குக் கட்டுப்படாத பள்ளியைப் பொதுப் பள்ளி என்று சொல்ல முடியாது என 2015-இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் அந்த மாநிலச் சட்டத்தையே ரத்து செய்தது. ஓக்லஹோமாவில் ஒரு கத்தோலிக்க அமைப்பு, அரசுப் பணத்தில் மதப் பள்ளியையே சார்ட்டராக நடத்தக் கேட்டது. 2025 மே 22 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4-க்கு 4 எனப் பிரிந்து நின்றதால்தான் அது நின்றது. ஒரு நீதிபதி ஒதுங்கியிருந்தார். அடுத்த வழக்கில் அவர் ஒதுங்காமல் போகலாம்.

தமிழ்நாட்டில் சார்ட்டர் சட்டம் கிடையாது. ஆனால் அந்த யோசனை இந்தியாவுக்கு வந்து வெகுநாள் ஆகிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்து வெறுமையாகும் அரசுப் பள்ளிகளைத் தனியார் ஏற்று நடத்தட்டும், ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அரசு பணம் தரட்டும் என்ற யோசனையை 2017-இல் நிதி ஆயோக் தன் மூன்றாண்டுச் செயல்திட்டத்தில் எழுதியது. அதே ஆண்டு ராஜஸ்தான் அரசு 300 பள்ளிகளைப் பொது-தனியார் கூட்டில் விட முடிவெடுத்து, ஆசிரியர்களும் மக்களும் எதிர்த்ததும் பின்வாங்கியது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, கொடையாளர் கூட்டு என்ற பெயரில் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 500 அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் தத்தெடுக்கப் போகின்றன என்று செய்தி பரவிப் பெரிய சர்ச்சையானது. பள்ளிகளை யாருக்கும் தாரைவார்க்கவில்லை என்று அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி மறுத்தார். அந்த மறுப்பு வர வேண்டியிருந்தது என்பதே நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டுகிறது. நம் கிராமப் பள்ளிகள் பலவற்றின் நிலம் ஊர்க்காரர் தானமாக எழுதிக் கொடுத்தது. அதன் மேல் யாரோ ஒருவருக்கு 30 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டால், எழுதுபவர் பதவிக்காலம் 5 ஆண்டுதான்.

தனியார் உதவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்ணம் அடிக்கட்டும், கழிப்பறை கட்டட்டும், ஆய்வகம் தரட்டும். தருபவர் கொடுத்துவிட்டுப் போனால் அது உதவி. ஆசிரியர் நியமனம், மாணவர் சேர்க்கை, நிலம், கணக்கு ஆகிய நான்கில் எதையாவது கேட்டால் அது உதவி அல்ல, கைமாற்றம்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோரே, சார்ட்டர் பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்த்ததோடு நிற்காதீர்கள். நிர்வாக நிறுவனத்தோடு பள்ளி போட்ட ஒப்பந்தத்தைக் கேளுங்கள். கட்டடம் யாருக்குச் சொந்தம், வாடகை யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். லாப நோக்கற்ற அமைப்பு ஆண்டுதோறும் வரித் துறைக்குத் தரும் 990-ஆம் படிவத்தை யாரும் பார்க்கலாம். உரிமம் எந்த ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்லும் பள்ளியில் தைரியமாகச் சேருங்கள். மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு: கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு, அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் பள்ளியை யாராவது ஏற்கப் போவதாகவோ, தத்தெடுக்கப் போவதாகவோ, இணைக்கப் போவதாகவோ பேச்சு வந்தால் ஒப்பந்த நகலைக் கேட்டுத் தகவல் உரிமை மனு போடுங்கள். ஆகஸ்ட் 15-இலும் அக்டோபர் 2-இலும் கிராம சபை கூடும். பள்ளி நிலத்தையும் நிர்வாகத்தையும் யாருக்கும் கொடுப்பதில்லை என்ற தீர்மானத்தை, கையெழுத்து கேட்டு யாரும் வருவதற்கு முன்பே, அந்தச் சபையில் நிறைவேற்றிப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.